கோரைப் பக்கத்து விரால்

மெக்கானிக் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. தோளில் தூண்டில். பையில் ஒரே ஒரு கெண்டைக் குஞ்சு.

"விரால் பிடிக்கப் போறேன்னுதானே போனீங்க? விரல்தான் வந்திருக்கு," என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"எல்லாம் உன் தம்பியால! எனக்கு முன்னாடியே வந்து என் பாறை மேல உக்காந்திருக்கான். இவ்வளவு பெரிய ஏரியில அவனுக்கு வேற கரையே கிடைக்கலையா? யாரு சொன்னது அவனுக்கு?"

"மீன் சொல்லியிருக்கும்."

அந்த வாரம் பட்டறையில் அவர் கோபத்தோடு முடுக்கியதில் நல்ல போல்ட்டெல்லாம் முறிந்தன. புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே ஏரிக்குப் போனார். கோரைப் புல்லுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தார். கை நீளத்துக்கு ஒரு விரால் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போனது. மெக்கானிக்குக்கு மூச்சு நின்றது.

சனிக்கிழமை சாப்பிடும்போது வெகு சாதுவாகச் சொன்னார்: "நாளைக்கு மதகுப் பக்கம் போறேன். அங்கதான் விரால் இருக்கு. உன் தம்பிகிட்ட சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்றேன்?"

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் போன் பேச்சு. மெக்கானிக் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டினார். "மதகுடா. ஆமா, மதகு!" மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வசமாக மாட்டினான் மச்சான்!

விடிந்ததும் மதகுப் பக்கம் போவதுபோல் கிளம்பி, ஏரியைச் சுற்றிக்கொண்டு கோரைப் பக்கம் போனார். அங்கே மடக்கு நாற்காலியில் மச்சான். பக்கத்து நாற்காலியில், அவர் கிளம்பும்போது தலைவலி என்று போர்வைக்குள் கிடந்த மனைவி! அவள் கையில் தூண்டில் வில்லாய் வளைந்திருந்தது.

"விடாதேக்கா! இழு!"

கரையில் வந்து விழுந்து துள்ளியது அதே விரால்.

"மதகுன்னு போன்ல சொன்னியே!" என்று கத்தினார் மெக்கானிக்.

"கதவுக்குக் கீழே உங்க கால் தெரிஞ்சுது. அதான் கோரைன்னு மெதுவாச் சொல்லிட்டு, மதகுன்னு சத்தமாச் சொன்னேன்."

"இந்த இடம் எப்படித் தெரியும்?"

"உங்க பேண்ட்டைத் துவைக்கிறது யாரு? பாக்கெட்டெல்லாம் கோரைப் பூ."

"வாங்க மாமா, உக்காருங்க," என்றான் மச்சான்.

"நீ பேசாதேடா! ஏன்டி, புருஷன்கிட்ட சொல்லாம இவனோட வருவியா?"

இப்போது அவளுக்கும் கோபம் வந்தது. "அவன் கூப்பிட்டான், வந்தேன். நீங்க ஒருநாளாவது கூப்பிட்டிருக்கீங்களா? இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமையானா கெண்டை, கெளுத்தி, ஜிலேபின்னு கொண்டு வந்து கொட்டிட்டுக் குறட்டை விடுவீங்க. குத்துற முள்ளெல்லாம் என் கையில. கேட்டா, 'பிடிக்கிறது நான், கழுவுறது நீ'ம்பீங்க. இன்னிக்குப் பிடிச்சது நான்."

மெக்கானிக் குனிந்து விராலைப் பையில் போட்டுக்கொண்டார். மச்சான் தக்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம், வீட்டுப் பின்கட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியோடு குந்தியிருந்தார் மெக்கானிக். மூன்றாவது தடவையாக விரால் கையிலிருந்து வழுக்கிச் சாக்கடையோரம் போய் விழுந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது: "சாம்பல் தொட்டுக்கிட்டுத் தேய்ங்க. இன்னும் நாலு கெளுத்தி இருக்கு."