ஏசிக்கு ஒன்று, பல்புக்கு நாலு

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய பாத்தும்மா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கூடப்பிறந்த காக்காவின் முழங்காலுக்கும் உங்கள் பிரஷருக்கும் சேர்த்தே ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். என் பேரன் அஹ்ஸன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறான், இம்முறையும் அவன்தான் முதலாவது. சின்னப் பேத்தி ஹப்ஸா குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டியில் மாகாணத்தில் இரண்டாவது; முதலாவது வந்த பிள்ளைக்கு அன்றைக்குத் தடிமன் பிடித்திருந்தால் முதலிடமும் எங்களுக்குத்தான். மூத்த பேத்தி முஸ்பிறா, உங்கள் பேரன் றிஸ்வானை நாங்கள் கேட்டிருப்பது அவளுக்குத்தான், இங்கிலீஷ் டீச்சராகி ஒரு வருடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் மூளை எங்கிருந்து வந்ததென்று உங்களுக்குத் தெரியும்.

அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கிற வீடு எரிந்துபோனதாக யாரோ அங்கே ஊதிவிட, காக்கா "கொஞ்சம் பொறுத்துக் கதைப்பம்" என்று சொல்லியனுப்பினாராம். வீடில்லாமல் பெண்பிள்ளைக்கு நிக்காஹ் ஏது? அதனால்தான் எழுதுகிறேன். வீடு எரியவில்லை மச்சி. ஒரு வயர் எரிந்தது. அதுவும் என் அறிவு கூடிப்போனதால்.

போன வருடம் புடலங்காய்ப் பந்தலுக்குக் கம்பி வாங்க அப்துல் கபூரின் ஹாட்வெயாருக்குப் போனேன். பத்தாம் கேஜ், இருபத்திரண்டாம் கேஜ் என்று இரண்டைக் காட்டினார். நம் குடும்பம் எப்போது குறைந்ததை வாங்கியது? இருபத்திரண்டை வாங்கினேன். மூன்றாம் வாரம் பந்தல் காயோடு அறுந்து ஆட்டின் முதுகில் விழுந்தது, ஆடு இன்றுவரை அந்தப் பக்கம் போவதில்லை. கபூர் சிரித்துக்கொண்டு, "நம்பர் கூடினாக் கம்பி மெலியும் மாமி. பத்துத்தான் தடிச்ச, மொத்தக் கம்பி" என்றார். அதை அப்படியே மனதில் எழுதி, தெருவில் ஏழு வீட்டுக்கும் படிப்பித்தேன். பிறகு இந்த வீட்டுக்கு வயர் வாங்கும் நேரம் வந்தது. வீட்டுக்கு வயரிங் செய்கிற மீராசா சொன்ன சைஸையெல்லாம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்ன முஸ்பிறா, எழுதிய கடதாசித் துண்டைக் கேட்டால் முகம் சிவந்து "தேடுறன் உம்மம்மா" என்கிறாள், வரவேயில்லை. நானே போனேன். ஏசிக்கு ஒன்று, பல்புக்கு நாலு என்றேன். கபூர், "மாமி, ஏசிக்கு நாலு..." என்று வாயைத் திறந்தார். "பேசாம தாங்க மகன், நீங்க படிப்பிச்சத நான் மறக்கல்ல" என்றேன். அதற்குள் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள், கட்டித் தந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். ஏசிக்குத் தந்த வயர் மெலிவாகத்தான் கிடந்தது. இந்தக் காலத்துப் பெட்டைகள் மாதிரி மெலிவுக்குள் பலம் இருக்குமென்று நினைத்தேன். மீராசா சவளக்கடையில் ஒரு மில்லுக்கு மோட்டர் பூட்டப் போயிருந்ததால், வகுப்பில் முதலாவது வருகிற அஹ்ஸனே ஏசியைப் பூட்டினான். பத்து நிமிடம் மக்காப் பள்ளிக்குள் குளிர்கிற மாதிரி குளிர்ந்தது. பிறகு ஒரு நாற்றம். "பக்கத்து வீட்டில மீன் கருகுது" என்றேன். கருகியது எங்கள் சுவர். முஸ்பிறா பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தாள், யாருக்கும் ஒரு கீறலுமில்லை. புகை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் ஏசி பார்க்க வந்தவர்கள். "அது கேஜ் மாமி, இது மில்லிமீட்டர். இதில நம்பர் கூடினாத்தான் வயர் மொத்தம்" என்று கபூர் வந்து சொன்னார். இதை அன்றைக்கே பாங்குக்கு முன் சொல்லியிருக்கலாமே!

இப்போது மீராசா எல்லாவற்றையும் கழற்றி, ஏசிக்கு நாலே போட்டுவிட்டார். சுவருக்குப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. காக்கா வந்து தொட்டுப் பார்க்கட்டும்.

ஒரேயொரு நட்டம். றிஸ்வானின் போட்டோவை முஸ்பிறாவின் கண்ணில் தற்செயலாகப் படட்டுமென்று ஏசி பிளக் வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் முன்பே ஒட்டியிருந்தேன். சாம்பலும் மிஞ்சவில்லை. அப்பாவிப் பிள்ளை, மாப்பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்புங்கள்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் வெளிச்சத்தையும் எங்கள் வீட்டில் சம்பந்தத்தையும் நிலைக்க வைப்பானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
சுலைஹா உம்மா

பி.கு.: உறை ஒட்டக் கொடுத்த கடிதத்தை முஸ்பிறா வாசித்துவிட்டாள். "போட்டோ எரியல்ல உம்மம்மா" என்று தன் இங்கிலீஷ் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்தாள். பின்பக்கத்தில் அவளுடைய கையெழுத்து: லைட்டுக்கு ஒன்று, பிளக்குக்கு ரெண்டரை, ஏசிக்கு நாலு. நான் கேட்டபோது அவள் காட்டாமல் ஒளித்த துண்டு இதுதான். மீராசா சொன்னதில்லையாம், கட்டாரிலிருந்து உங்கள் பேரன் போனில் சொன்னதாம். "எத்தன நாளாக் கதைக்கிறீங்க?" என்றேன். "ரெண்டு மாசம். வயரப் பத்தி மட்டும்தான்." இரண்டு மாதம் வயர் கதைக்க நாங்கள் என்ன மாளிகையா கட்டினோம்? ஆகவே சுவரைக் கருக்கியது நானில்லை, உங்கள் பேரனின் போட்டோ. காக்காவிடம் இதைச் சொல்லாமல் நிக்காஹ் நாளை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். புதுப் போட்டோவையும் அனுப்புங்கள், அவள் இதைத் தரமாட்டாளாம். புதுசை நான் சுவரில் மாட்டப்போகிறேன், கம்பியும் வாங்கிவிட்டேன். எட்டாம் கேஜ்.