ஒரு போட்டோவுக்காகக் கொடுத்தவர்

கொடுத்ததை மறைக்கவே தெரியாத மனிதர் ஆக்லாந்தில் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் போட்டோ அண்ணைதான். ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தாக வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். ஊருக்குத் தெற்கே விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வேலை முடிந்ததும் தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார். யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய கட்டில், மேசை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வாங்கிப் பழுது பார்த்து, புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் வேன் கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சீவுவார். பிறகு பொருளின் மேல் ஒரு கையை ஊன்றி, புலி சுட்ட ஜமீன்தார் மாதிரி நிற்பார். படம் எடுக்கும் பாக்கியம் பெரும்பாலும் எனக்குத்தான்.

"கண்ணை மூடிப்போட்டன் தம்பி. இன்னொருக்கா எடும்."

இந்த 'இன்னொருக்கா'வுக்கு முடிவே கிடையாது. ஒருமுறை பாபடோயிட்டோய் என்ற பேட்டையில் மாடி வீடொன்றுக்கு ஃபிரிட்ஜ் ஏற்றிக் கொடுத்தோம். என் ஃபோனில் சார்ஜ் இல்லை. மறுநாள் அண்ணை அந்த ஃபிரிட்ஜை மறுபடி கீழே இறக்கி, வேனில் ஏற்றி, வேனிலிருந்து இறக்குவது போலப் படம் எடுக்க வைத்து, திரும்பவும் மாடிக்கு ஏற்றினார். அதற்குள் அந்த வீட்டம்மா உள்ளே இட்லி மாவு வைத்திருந்தார். ஏறி இறங்கியதில் மாவு கோபித்துக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. படத்தில் அண்ணையின் சட்டையெல்லாம் மாவு. "பரவாயில்லை, உழைச்ச மாதிரிக் கிடக்கு" என்று அதையே போட்டார்.

ரத்த தானம் கொடுக்கப் போன இடத்தில், ஊசி குத்திய கை படத்தில் விழவில்லை என்று நர்ஸம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னவர் அவர். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்றார்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் மலேசியாவிலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. "இது தர்மம் இல்ல லா, விளம்பரம்" என்று மலேசிய 'லா' சேர்த்துச் சொல்வார். அண்ணையின் காதுக்கு அது போகும்.

"என்னத்துக்கு ஒளிக்கிறது? நான் களவெடுத்தே குடுக்கிறன்?" என்பார் அண்ணை.

இந்தச் சண்டை தீராமல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கலாவின் விஷயம் வந்தது. கலா விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கிளென் ஈடனில் வாடகை வீடு. கணவர் வேலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ஆக்லாந்துக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பனி பெய்யாது, சுவரெல்லாம் வியர்க்கும். படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. அந்த அறையில் படுத்திருந்த ஐந்து வயது மகள் மீனுவுக்கு மூச்சு இழுத்தது. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அறையைச் சூடாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சங்கம் பதறிப்போனது. செயலாளரும் நானும் மிகுந்த நாகரிகத்தோடு ஒரு ஹீட்டரைக் கொண்டுபோனோம். கலா வாசலிலேயே கும்பிட்டார். "கை நீட்டிப் பழக்கமில்லிங்க சார். வேற யாருக்காச்சும் குடுங்க." சரி, பெயரே தெரியாமல் கொடுத்துவிடலாம் என்று, அரிசி, பருப்பு, பெருங்காயம், குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் போட்ட பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தோம். விலாசம் மாறி வந்த பார்சல் என்று நினைத்து, கலா அதைப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது பாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு பெருங்காய டப்பாவோடு தெருவில் நின்றார்.

மீனுவின் இருமல் நிற்கவில்லை. மூன்றாவது தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினாள் என்று கேள்விப்பட்டதும் அண்ணை வேனைக் கிளப்பினார். செயலாளர் எனக்கு ஃபோன் செய்து, "நீங்களும் போங்க லா. அந்தப் பொண்ண படம் எடுத்துப் போட்டுடப் போறாரு, மானம் போயிரும்" என்றார். நான் தாவி ஏறினேன்.

வேனில் ஒரு ஹீட்டரும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் இருந்தன. ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனோம். கதவைத் திறந்த கலா, பொருளைப் பார்த்ததும் கும்பிடக் கையைத் தூக்கினார். அண்ணை அதைக் கவனிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சாமானோடு நேராக மீனு படுத்திருந்த அறைக்குள் போய் ஜன்னலைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யோணும். எங்கட மூலைக்கடைச் சிவம் நேற்று ஆருக்கோ வாஷிங் மெஷின் குடுத்து, அதோட நிண்டு படம் போட்டிட்டார். ஆயிரம் பேர் பாத்த மாதிரி அவருக்கு ஒரு நடை. இண்டைக்கு நான் ரெண்டு சாமானோட நிண்டு போடோணும். உங்கட அறையிலதான் வெளிச்சம் நல்லா விழுது. இந்தத் தம்பி எடுத்தா என்ர மீசை வராது. நீங்கள் எடுத்துத் தாங்கோ."

கலா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணை ஃபோனை அவர் கையில் திணித்துவிட்டுப் போய் நின்றார்.

முதல் படம் சரியில்லை. இரண்டாவதும் சரியில்லை. நாலாவதில் கலாவுக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, தொப்பைய உள்ள இழுங்க. ஹீட்டர மறைக்குது."

"இழுத்துத்தான் நிக்கிறன்!"

போர்வைக்குள்ளிருந்து மீனு சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கியதும், "அங்கிள், டம்மி இன்!" என்று தொப்பையை உள்ளே இழுக்கச் சொல்லி மெல்லிய குரலில் கட்டளை வந்தது. அண்ணை மூச்சைப் பிடித்தார். படம் விழுந்தது.

கிளம்பும்போது கலா, "அண்ணே, இத எடுத்துட்டுப் போகலையா?" என்றார்.

அண்ணைக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "கொண்டு போனா படம் பொய்யாப் போயிடுமெல்லோ! சிவம் கேட்டா நான் என்ன சொல்றது? நீங்கள் எடுத்த படம், நீங்கள்தான் பொறுப்பு."

கலா ஹீட்டரை மீனுவின் பக்கமாக நகர்த்தினார். பிறகு தானே ஹீட்டரின் பிளக்கைச் செருகினார். யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று அந்த ஹீட்டர் விசாரிக்கவில்லை. சுவிட்சைத் தட்டியதும் சூடானது.

திரும்பும் வழியில் கேட்டேன். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அவங்க வாங்கிக்கணும்னுதானே இந்த நாடகம்?"

"என்ன நாடகம்? சிவம் இண்டைக்கு நித்திரை கொள்ள மாட்டார். எத்தினை பேர் பாத்திட்டினம் எண்டு உந்த ஃபோனைப் பாத்துச் சொல்லும்."

அவர் பொய் சொல்லவில்லை என்று நான் இன்றும் சத்தியம் செய்வேன். அவருக்கு வேண்டியது படம்தான். ஆனால் எங்கள் நல்லெண்ணத்தை வாங்கிக்கொள்ளக் கலா தலை குனிய வேண்டியிருந்தது. அண்ணையின் பெருமைக்கு உதவ நிமிர்ந்து நின்றால் போதும். அந்தக் குளிர்காலத்தில் மீனு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கலா, அண்ணையின் நிரந்தரப் போட்டோகிராஃபர் ஆனார். என் பதவி போனது. செயலாளர் அதற்குப் பிறகு விளம்பரம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

போன வருடம் அண்ணை மகளோடு இருக்க பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். வழியனுப்பப் பூங்காவில் கூடினோம். அவர் பக்கத்தில் நிற்க, சிவம் உட்பட எல்லாரும் முண்டியடித்தோம். புல்வெளியின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்த மீனு, ஒரே மூச்சில், பூங்கா முழுக்கக் கேட்கும்படி, "அங்கிள், டம்மி இன்!" என்று கத்தினாள். கலா படம் எடுத்தார்.

"கண்ணை மூடிட்டீங்கண்ணே" என்றார்.

"பரவாயில்லை பிள்ளை, விடும்" என்று அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. "இன்னொருக்கா எடும்மா" என்றேன். அதன் பிறகும் இன்னொருக்கா கேட்டேன்.