தலை ஈரம் காய்வதற்குள்

தென்காசி
ஆடி 9, 1958

சிரஞ்சீவி மைத்துனன் பால்வண்ணநாதனுக்கு, அத்தான் நமசிவாயம் எழுதிக்கொண்டது. விசுவநாதர் புண்ணியத்தில் இங்கே சாரல் நலம், அருவி நலம், நான் மட்டும் நலமில்லை. உன் எலுமிச்சை மண்டியின் நலத்துக்கு எழுதவும்.

நீ பேசி முடித்த சுரண்டைச் சம்பந்தத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று உன் அக்காள் முந்தாநாள் முதல் என்னோடு பேசுவதில்லை. கெடுத்தது நானில்லை, அருவி. என் மகள் குழல்வாய்மொழியைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தகப்பனார் குத்தாலிங்கம் அண்ணாச்சி குடும்பத்தோடு பஸ்ஸில் வருகிறார், அழைத்துவர வில்வண்டி பேசியாயிற்று, உடுத்திக்கொள்ளச் சரிகை வேட்டியும் கையில் இருக்கிறது, பஸ்ஸுக்கு நேரம் கிடக்கிறதே என்று குற்றாலத்துக்கு வண்டியை விட்டேன். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்ததுதான் தாமதம், உலகத்தில் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். பக்கத்தில் நின்றவன் வேட்டியை அருவி கொண்டுபோய்விட்டது. என் சரிகை வேட்டியைக் கொடுத்தேன். ஓர் அம்மாள் பிள்ளைகளோடு செங்கோட்டைக்கு வண்டியில்லாமல் நின்றாள், வில்வண்டியைக் கொடுத்தேன், கழற்றிவைத்த வேட்டியும் அதிலேயே போயிற்று. அப்புறம்தான் பஸ் ஞாபகம் வந்தது. ஈரத்துண்டோடு ஓடினேன். அருவியில் குளிக்காத வண்டிக்காரன் ஒருத்தன், “துண்டோட திரியுத ஆளையெல்லாம் ஏத்துததில்ல” என்று போய்விட்டான். குளித்துவிட்டு வந்த ஹபீபுல்லா என்ற ஜவுளிக்காரர்தான், “ஏறும் வே, இடமா பெருசு” என்று மடியில் வைக்காத குறையாக ஏற்றிக்கொண்டார். தென்காசி பஸ் நிலையத்தில் மழையில் நின்ற அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் வே, பொண்ணுக்கு உடுத்தி அனுப்பவாவது வீட்ல துணி கெடக்கா?” என்று கேட்டுவிட்டு வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்.

குழலி தலைப்பூவை எடுத்துத் தண்ணீர்ப் பானைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யோசித்ததில் ஒன்று விளங்கிற்று. கேசரியும் காப்பியும் கொடுத்துச் சம்மதம் கேட்கிற வழக்கமே தப்பு. முதலில் ஆளை அருவியில் நிறுத்தவேண்டும். எப்படியாவது அண்ணாச்சியைக் கூட்டிவா. அவர் தலை துவட்டுவதற்குள் வாக்கு வாங்கிவிடலாம். சாரல் வேறு குறைகிறது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, சீக்கிரம் வா. மற்றபடி இனி முன்பின் தெரியாதவனுக்கு ஒரு துரும்பும் கிள்ளிப்போடுவதில்லை என்று இலஞ்சிக் குமாரர் சாட்சியாக முடிவெடுத்துவிட்டேன்.

உன் மண்டி செழிக்கவும், பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரவும் குற்றாலநாதரை வேண்டும்,
அத்தான் நமசிவாயம்

பின்குறிப்பு: குற்றாலத்துத் தபாலாபீஸில் போட்டால் சீக்கிரம் வரும் என்று போனவன், சும்மா ஒரு முழுக்குப் போட்டேன். இதைக் கொண்டுவருகிறவர் அருவியில் என் பக்கத்தில் நின்றவர், உன் ஊர் புளியங்குடிக்குத்தான் போகிறார், சாப்பாடு போடவும். அவருக்கு ஒரு மகன் இருக்கிறானாம். குழலியைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், அவரும் சரி என்றார். உன்னிடம் வந்து சேர்வதற்குள் தலை காய்ந்திருக்கும்; இன்னும் சரி என்கிறாரா என்று கேட்டு எழுது. பெயரையும் கேள். உன் அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளை என்ன சொல்லி அருவிக்குக் கூட்டிப்போவது என்றுதான் தெரியவில்லை.