அகுவா பண்டிதரும் அரை டிரம் தண்ணீரும்

காலை ஆறு மணி. தேனியில் ஒரு மாடி வீட்டுக்கு ஜோதிலட்சுமி குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஏறிக்கொண்டிருக்கிறாள். நான்கு நாளைக்கொரு முறை தண்ணீர் வரும் தெருக்குழாய். ஏழு மணிக்கு நின்றுவிடும். மேலே நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு போனைப் பார்க்கிறாரே அவள் கணவர் சுரேஷ்கண்ணன், அவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். மனிதர்களில் அவர் ஒரு தனி இனம். இனத்தின் பெயர், ஒற்றைச்சொல் பண்டிதர்.

உங்களுக்குத் தெரிந்தவர்தான். போனில் ஒரு செயலி வழியாக, ஒரு நாளும் விடாமல் ஸ்பானிஷ் படிக்கிறார். விமானத்துக்கு மிக அருகே அவர் போனது, மச்சானை வழியனுப்ப மதுரை விமான நிலையத்து வாசல்வரை. அதனால் என்ன? இந்த வாரத்துச் சொல் ‘அகுவா’. தண்ணீர் என்று பொருள். பொருளோடு விட்டால் பண்டிதரா? டைரியில் பச்சை மையால் எழுதி, டீக்கடையில் அறிவித்து, பால்காரரை நிறுத்தி ‘அகுவா ஃப்ரியா’ என்றால் குளிர்ந்த தண்ணீர் என்று விளக்கி, ஸ்பெயின் ஓட்டலில் ‘சின் காஸ்’, அதாவது வாயு இல்லாமல், என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் வாயு ஏற்றிய தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்று, வைகை அணையைக்கூடப் பார்த்திராத எதிர்வீட்டுத் தவசியை எச்சரித்த பிறகே மனிதர் ஓய்ந்தார்.

“என்னங்க, இங்கன வந்து ஒரு கை பிடிங்க. நாளைக்கி எங்க அண்ணன் வீட்டுலருந்து எட்டுப் பேரு வாராக. டிரம்மு நெறயலன்னா அசிங்கமாப் போயிரும்.”

“இரு ஜோதி. பாதியில எந்திரிச்சா நூத்திப்பத்து நாளாப் படிச்ச தொடர்ச்சி அந்துபோகும்.”

“ஸ்பெயின்ல தண்ணிப் பஞ்சம் வந்தா உங்களத்தான் கூப்பிடப் போறாக.”

பண்டிதர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பதினோராவது குடத்தில் குழாய் சீறியது. காற்று மட்டும் வந்தது. வாயுவுள்ள தண்ணீருக்கும் இல்லாத தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்குமா? மாடியிலிருந்தே விளக்கினார். டிரம்மில் பாதிதான் தண்ணீர்.

விளக்கியதில் தொண்டை வறண்டுவிட்டது.

“ஜோதி, ஒரு செம்புத் தண்ணி கொண்டா.”

தமிழில்தான் கேட்டார். அவசரத்துக்கு அகுவா வாயில் வரவில்லை. அவள் மேலே வந்து, காலிக் குடத்தை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

சிரிக்கிறீர்கள். ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாத நீங்கள் இந்த இனமே இல்லை என்ற நிம்மதி. இருக்கட்டும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்று, ஏதோ கேட்டு, பதில் கிடைக்காமல் திரும்பிப் போனாரே ஒருவர்.

என்ன கேட்டார்?