பத்திரமாகத் தரையிறங்கியது

மாலைப் பத்திரிகைக்காரர்கள் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. பதினொரு மணிக்கு நடப்பதை ஒன்பது மணிக்கே எழுதி அனுப்பிவிடுவோம். பன்னிரண்டுக்குப் பக்கம் அச்சுக்குப் போய்விடும். அமைச்சர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க முடியாது. (பெரும்பாலும் அமைச்சர்கள் நாங்கள் எழுதியதையே பேசினார்கள்.)

தொண்ணூறுகளின் நடுவில் நான் செங்கல்பட்டு நிருபர். ஆறு மாதத் தற்காலிக வேலை; ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. "முதல் பக்கத்துக்கு ஒரு செய்தி குடு. இல்லன்னா வேற இடம் பாத்துக்க" என்றார் செய்தி ஆசிரியர்.

அந்த வாரம் எனக்கு ஒரு விமானம் கிடைத்தது. பறக்கும் பயிற்சி மன்றம் ஒன்று தன் பழைய இரட்டை அடுக்குச் சிறகு விமானத்தை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய மைதானத்தில் இறக்கி மக்களுக்குக் காட்டப் போகிறது. முன் இருக்கை எனக்கு.

முந்தின நாள் முழுக்க அதன் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன். போர்க்காலத்தில் பிறந்தது, படைவீரர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது, கரும்புக்கு மருந்து தெளித்தது, தேர்தலில் நோட்டீஸ் போட்டது. இரண்டு முறை இன்ஜினும் நான்கு முறை சிறகுத் துணியும் மாற்றியிருந்தார்கள். பிரேக் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. மெக்கானிக் எத்திராஜைக் கேட்டேன்.

"பிரேக்கா? அதெல்லாம் இதுல கெடியாது சார். அதுவா நிக்கும்."

"நிக்கலன்னா?"

"நிக்காம இன்னா, பாண்டிச்சேரிக்கா பூடும்?"

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த வரலாறு முழுவதையும் ஃபேக்ஸில் அனுப்பினேன். கடைசிப் பத்தி: "காலை 11 மணிக்கு விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. மக்கள் கைதட்டி வரவேற்றனர்."

11.05-க்குச் சக்கரம் மண்ணைத் தொட்டது. அறுபதடி ஓடி, பொலபொலவென்ற மணலில் புதைந்தது. வால் எழுந்தது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் புல் தெரிந்தது.

"பெல்ட்டைக் கழட்டாதீங்க!" என்று பின் இருக்கையிலிருந்து கத்தினார் விமானத்தை ஓட்டிவந்த கேப்டன், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. அதற்குள் கழற்றியிருந்தேன். தலையால் தரையிறங்கினேன்.

வெளியே ஒரே கைதட்டல். வித்தை காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ "ஒன்ஸ் மோர்!" என்றார்.

ஜீப்பில் முன்னதாகவே வந்திருந்த எத்திராஜ் ஓடிவந்தார். "அடி கிடி பட்டுச்சா சார்?"

"இங்க போன் எங்க இருக்கு?"

"இன்னா பேஜாரு புட்ச்ச ஆளு சார் நீ! ஏரோப்ளேன் கவுந்து கீது, போனு கேட்டுகினு கீற!" திட்டிக்கொண்டே யாருடைய மொபெட்டிலோ என்னை ஏற்றிவிட்டார்.

எஸ்டிடி பூத்தை அடைந்தபோது 11.40. போனைச் செய்தி ஆசிரியரே எடுத்தார்.

"சார், விமானம் கவுந்துடுச்சு. கடைசிப் பத்தியை மாத்தணும்."

"நீ எங்கய்யா இருந்த?"

"உள்ளதான் சார்."

மறுமுனையில் காகிதம் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லு, நானே எழுதிக்கிறேன்" என்றார். சொன்னேன். கேப்டனுக்கு மூக்கில் சிராய்ப்பு. எனக்குத் தலையில் வீக்கம். புரொப்பெல்லர் இரண்டு துண்டு.

"கைதட்டி வரவேற்றனர்னு ஒரு வரி இருக்கே, எடுத்துடவா?"

"வேணாம் சார். அது நிஜம்."

மூன்று மணிக்கெல்லாம் கடைகளில் எங்கள் பத்திரிகை தொங்கியது. "கவிழ்ந்த விமானத்தில் நமது நிருபர்" என்று முதல் பக்கத்தின் முழு அகலத்துக்கும் தலைப்பு. மற்ற நிருபர்கள் வந்தபோது விமானத்தின்மேல் தார்ப்பாய் போட்டிருந்தது. அவர்களிடம் விபத்து இருந்தது. இன்ஜின் எத்தனை முறை மாறியது என்பது என்னிடம் மட்டும். அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது. மறு வருடம் விமானமும் பறந்தது. எத்திராஜ் பதிவேட்டில் இன்னொரு பக்கம் சேர்த்திருந்தார்.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. இன்றுவரை, வெளியூர் போய் "பத்திரமா வந்து சேந்துட்டேன்" என்று போன் செய்தால், "சேந்துட்டு சொல்றீங்களா, சேரப் போறீங்களா?" என்கிறாள். பின்னால் பிள்ளைகள் கைதட்டுவது கேட்கிறது.

பெரும்பாலும் அப்போதுதான் நான் இருக்கும் ரயில் மதுராந்தகத்தைத் தாண்டியிருக்கும்.