மாடிக்கு ஆள் பிடித்தேன்

ஒரு மாதத்துக்குள் முன்பின் தெரியாத ஒரு மனிதரோடு பேசிப் பழகி, அவரை வீட்டுக்கே கூட்டி வந்து காட்டுவதென்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரை இருக்கும்போது சபதம் எடுக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

என் பேர் ஜாபர். தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபது வருஷமாக நம்பர் குறிக்கிற வேலை. பதினோரு எழுத்து நம்பரை ஒரு தடவை பார்த்தால் போதும், சாகிறவரை மறக்க மாட்டேன். மனுஷ முகம்தான் மனசில் நிற்காது. கன்டெய்னர்கள் என்னைப் பார்த்து “சௌக்கியமா?” என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்த வேலையை என்றைக்கோ விட்டிருப்பேன்.

என் மனைவி ஜன்னத் வேறு ரகம். ராங் நம்பர் வந்தால் அரை மணி நேரம் பேசுவாள். போனை வைக்கும்போது அந்த வீட்டு மருமகளுக்கு எத்தனை மாசம் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைய சண்டை மாடிப் போர்ஷனைப் பற்றி. அது காலியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

“காலித் அண்ணன் கேட்டுகினே கீதுங்க. எங்க பெரியம்மா புள்ள. சடையங்குப்பத்துல மழ பேஞ்சா வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுதாம். பாவம், குடுத்துடலாம்.”

“உன் சொந்தக்காரங்க யாரும் மாடிக்கு வேணாம்.”

“இன்னாத்துக்கு?”

காரணம் இருந்தது. வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் தனியாக உட்காருவேன். ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். வாடகைக்கு இருப்பவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ‘போய் வேலையைப் பாருங்க’ என்று சொல்லிவிடலாம். மச்சானிடம் சொல்ல முடியுமா? கீழே இவள், மேலே இவள் அண்ணன். நடுவில் நான் எங்கே போய் மூச்சு விடுவது?

“ஆள நானே புடிச்சாறேன்” என்றேன்.

ஜன்னத் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது. அதையும் கவனிக்காமல் சிரித்தாள்.

“நீங்களா? எதுத்த வூட்டு ரஹீமுன்னிசா அக்கா உங்கள ஊமைன்னு நெனச்சிகினு நாலு வருசமா துவா கேட்டுகினு கீறாங்கோ!”

இதைக் கேட்டுவிட்டு எந்த ஆம்பிளை சும்மா இருப்பான்?

“ஒரு மாசம் டைம் குடு. ஒரு புது ஆளுகிட்ட நானே பேசி, நானே கூட்டியாறேன்.”

“கூட்டியாங்க. சாவிய அவருக்கே குடுத்துடலாம். இல்லாங்காட்டி காலித் அண்ணனுக்கு. சரியா?”

“சரி” என்றேன், நுரையோடு.

அன்றே ஆரம்பித்தேன். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் வெயிலில் நின்றிருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல முகம், நல்ல சட்டை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “வெயில் ஜாஸ்தியா கீது, இல்ல?” என்றேன்.

“நெழல்ல போய் நில்லு நைனா” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் ரயிலில் செல்லம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு மீன்கார அம்மா. தானே குடி வராவிட்டாலும் யாரையாவது காட்டிவிடுவார் என்று ஒரு நப்பாசை. “கூடையில இன்னாம்மா?” என்றேன்.

“ஏன், மூக்கு இல்லியா உனக்கு?”

பெட்டி முழுக்கச் சிரித்தது. மூன்றாம் நாள் ஒருவரிடம் எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள், எந்தத் தெரு என்று வரிசையாகக் கேட்டேன். அவர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினார். எனக்குச் சே என்று ஆகிவிட்டது. இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் பேசுகிறார்கள். நான் வாயைத் திறந்தால் மட்டும் ஓடுகிறார்கள்.

அன்று சோறு போடும்போது ஜன்னத் கேட்டாள். “இன்னிக்கு யாரு மாட்னது?”

சொன்னேன்.

“போலீஸு கணக்கா கேள்வி கேட்டா எவன் பதில் சொல்லுவான்? அடுத்தவன் பேசுறாப்ல எதனா எடுத்து வுடணும். எண்ணூர் லைன்ல போறீங்கோ, நாத்தத்தப் பத்திப் பேசுங்க. அந்தப் பக்கம் ஆளுக்கு ஒரு நாத்தக் கத வச்சிருப்பாங்கோ. நாளைக்கு எந்தப் பொட்டில ஏறுவீங்க?”

“எப்பவும் மூணாவது பொட்டிதான். எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான். ரசம் ஊத்தட்டா?”

நானும் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் மூன்றாவது பெட்டி. ஜன்னலோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் தொப்பியோடு சாந்தமாக உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதிலிருந்தே காற்று ஒரு தினுசாக நாறிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு இன்னா பாய், கேஸா, அழுகின முட்டையா?” என்றேன்.

அவர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ருசி பார்த்துச் சொன்னார். “ரெண்டும் இல்ல பாய். காத்து கெழக்கால கீது. இது கருவாடு.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கருவாட்டிலிருந்து கடலுக்குப் போனோம், கடலிலிருந்து மழைக்கு, மழையிலிருந்து முட்டிவலிக்கு. அவருக்கு ஹார்பரில் நைட் ஷிப்டு. முடித்துவிட்டு இந்த ரயிலைப் பிடித்து விம்கோ நகரில் இறங்கி வீட்டுக்குப் போகிறார். மறுநாளும் அதே இடத்தில் இருந்தார். அதற்கு மறுநாளும் இருந்தார். எனக்கு இடம் பிடித்துக்கூட வைத்தார். பதினேழு நாள் பேசினோம். எனக்குள் இப்படி ஒரு பேச்சாளன் இருப்பது எனக்கே தெரியாது. சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினேழாம் நாள் அவரே, “வேற வூடு பாத்துகினு கீறேன் பாய். மழைன்னா பீரோவத் தூக்கிக் கட்டில் மேல வக்க வேண்டிகீது” என்றார்.

எனக்கு ரயிலிலேயே ஆடவேண்டும் போல் இருந்தது.

“எங்க மாடி காலியாத்தான் கீது. வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சு வாங்க.”

வெள்ளிக்கிழமை வந்தார். தெரு வாசலிலேயே நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அவரை வரவேற்றேன். எதிர் வீட்டு ரஹீமுன்னிசா அக்கா என் குரலைக் கேட்டதும் வெளியே வந்து, “அல்ஹம்துலில்லாஹ், பேச்சு வந்துடுச்சா!” என்று கண் கலங்கினார். வந்தவரைக் கூடத்தில் உட்கார வைத்து, ஜன்னத்தைக் கூப்பிட்டு, அவள் கண் முன்னால் பிஸ்மில்லா சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தேன்.

“இவருதான் நா புடிச்ச ஆளு. நானே பேசி, நானே கூட்டியாந்தேன். எப்டி?”

ஜன்னத் பணிவாக உள்ளே போய் டீயோடு வந்தாள். முதலில் அவரிடம் நீட்டினாள்.

“உங்களுக்குச் சக்கர போடல, காலித் அண்ணே.”

எனக்கு நீட்டிய டீயை நான் வாங்கவில்லை.

“அண்ணனா? எந்த அண்ணன்?”

“எங்க பெரியம்மா புள்ள. வேற யாரு?”

“அப்ப ரயில்ல பாத்தது?”

“எந்த வண்டி, எந்தப் பொட்டின்னு மட்டும்தான் அண்ணங்கிட்ட சொன்னேன். பேசினது நீங்க. கூப்பிட்டது நீங்க. சாவி குடுத்தது நீங்க. நா குறுக்கயே வரலியே!”

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். “ஏன் பாய், மொத நாளே சொல்றதுக்கு இன்னா?”

காலித் சங்கடமாக நெளிந்தார். “பேரு கேப்பீங்க, சொல்லிடலாம்னு பதினேழு நாளா காத்துகினு இருந்தேன் மச்சான். நீங்க கேக்கவே இல்ல.”

“உங்கள நா முன்ன பின்ன பாத்ததே இல்லியே!”

“இன்னா மச்சான் இப்டி சொல்றீங்க? அஜீசா கல்யாணத்துல உங்களுக்கு எதுக்கத்தான் நான். நாலு பேரு ஒரே சஹன்ல கை வச்சிச் சாப்ட்டோமே. கறித் துண்டுகூட உங்க பக்கம் தள்ளி வுட்டேன்.”

அஜீசா என் மச்சினி. அவள் கல்யாண பிரியாணி நன்றாக ஞாபகமிருக்கிறது. அந்தப் பெரிய தட்டும் ஞாபகமிருக்கிறது. எதிரே இருந்த கையும் லேசாக ஞாபகம் வந்தது. அதற்கு மேலே நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. காலித், அவர் பெண்சாதி ஷாஸியா, மூன்று பிள்ளைகள், சாமான் தூக்க ஒரு கூட்டம். என் மொட்டை மாடிக்குப் போகிற படியெல்லாம் ஜன்னத்தின் சொந்தக்காரர்கள் ஏறி இறங்கினார்கள். நான் ஓரமாக எரிச்சலோடு நின்றிருந்தேன். தாடி வைத்த ஒருவர் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னா பாய், நீங்களும் எங்க வூட்டம்மாவுக்குச் சொந்தமா?”

அவர் கட்டிலைக் கீழே இறக்கினார்.

“இல்லண்ணே. சாமான் தூக்க ஆள் வோணும்னு அண்ணி போன் பண்ணாங்கோ. நான் அத்னான், உங்க சித்தப்பா மவன்.”