நாடி அண்ணாச்சியும் பூஜை மாலையும்

கங்கைகொண்டான் தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் பொய்யே சொல்லாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவரும் மனிதர்களோடு அதிகம் பேசமாட்டார்.

எங்கள் பழரச ஆலையின் மீட்டர் மெக்கானிக் அவர். சர்க்கரைப் பாகு ஓடும் குழாயில் உள்ள மீட்டர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். அதனால் நாடி அண்ணாச்சி. வேறு பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

"உள்ள ரெண்டு வளைஞ்ச குழா எப்பவும் நடுங்கிக்கிட்டே கெடக்கு வே. பாகு ஓடுச்சுன்னா போற பக்கமும் வார பக்கமும் ஒண்ணுபோல ஆடாது, லேசா முறுக்கும். அந்த முறுக்க வச்சே எத்தன கிலோ போவுதுன்னு சொல்லிருதுல்லா" என்பார். ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு இதைத் தோட்டத்து ஹோஸை ஆட்டி விளக்கினார். முழுக்க நனைந்த அதிகாரி, புரிந்துவிட்டது என்று மூன்று முறை சொன்னார்.

மீட்டரில் யாராவது முதுகைச் சாய்த்தால் போச்சு. "குளிர்காய்ச்சல்ல கெடக்கவன் மேல போயி சாய்வீரா வே?"

ஆயுதபூஜைக்கு மறுநாள் மீட்டருக்குப் பூஜ்யம் வைப்பது, அதாவது ஓட்டமே இல்லாத நிலை எது என்று அதற்குக் காட்டிக்கொடுப்பது, என் வேலை. குழாய் நிறையப் பாகு இருக்க வேண்டும், துளியும் ஓடக்கூடாது. வால்வை மூடப் போனால் கைப்பிடியில் பூஜை மாலை. அவிழ்க்க மனம் வரவில்லை. மாலை விட்ட அளவுக்கு மூடிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். சன்னமாக ஓடிக்கொண்டிருந்த பாகையே பூஜ்யம் என்று நம்பிய மீட்டர், அன்று முழுக்கக் குறைத்தே எண்ணியது. தொட்டிக்குத் தொட்டி பாகு கூடுதலாக விழுந்து, பழரசம் வாயில் வைக்க முடியாமல் திகட்டியது. அத்தனையையும் கொட்டினார்கள்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேனேஜர். பதினோரு வருட வேலை. வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அண்ணாச்சி வந்து மாலையை அவிழ்த்து, வால்வை இறுக மூடினார். ஓட்டம் நின்றதும் மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. "பாகு திரும்ப டேங்குக்கே போவுதுங்குது, பாத்தியளா சார்?"

"பூஜ்யம் வச்சது இவர்தானே?"

"இவருதான்."

ஒரு சின்னப் பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அண்ணாச்சி மாலையை மேனேஜரிடம் நீட்டினார். "இத வால்வுல கட்டுனது நீங்கல்லா, சார். பாத்துக்கிட்டுப் பேசாம இருந்தவன் நான். போகச் சொல்லுததா இருந்தா மூணு பேருமாப் போவோம்."

மேனேஜர் மாலையை வாங்கிக்கொண்டார். பிறகு, "போய் வேலையப் பாருங்க" என்றார்.

மறுபடியும் பூஜ்யம் வைக்க வேண்டும். வால்வைப் பிடித்த என் கை நடுங்கியது. அண்ணாச்சி தன் கையை அதன் மேல் வைத்தார்.

"பைய மூடும் வே. நான் இங்கனதான் நிக்கேன்."

கூடப்பிறந்தவர்கள்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.